கரப்பான்பூச்சிக்கு ஒரு டெண்டர்

வேலையில் இருந்தவரை நான் எதையும் சும்மா வாங்கியதில்லை. அரசாங்கக் கொள்முதல் பிரிவில், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுக்களுக்குச் செயலாளராக உட்கார்ந்தே என் தலை நரைத்தது. மருத்துவமனைக் கட்டிலோ, தெருவிளக்கோ, மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியோ, எதுவானாலும் முதலில் தேவை அறிக்கை, அப்புறம் விவரக்குறிப்பு, அப்புறம் விளம்பரம், கடைசியில் மதிப்பீடு. விண்ணப்பித்த நிறுவனங்களின் பெயர்களை மறைத்து, எழுத்துக் குறியீடு கொடுத்துத்தான் குழுவின் முன் வைப்போம். யார் பொருள் என்று தெரிந்தால் மனம் சாயும். பிரிவுபசார விருந்தில் ஒருவர், இந்த ஒழுங்கு என் ரத்தத்திலேயே ஊறிவிட்டது என்று பேசினார். பாராட்டுகிறார் என்றுதான் அன்று கைதட்டினேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு கணினி விளையாட்டு செய்ய வேண்டிவந்தபோது, எந்த நிரல் மொழியில் தொடங்குவது என்பதற்கும் டெண்டர் விட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த வயதில் எனக்கு எதற்கு விளையாட்டு? என் மனைவியின் வலது கைக்காக. அவள் அரசாங்க மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். சென்ற ஆண்டு ஒரு காலையில் அடுக்களையில் அவள் கையிலிருந்த டம்ளர் தானாக விழுந்தது. லேசான பக்கவாதம் என்றார்கள். பேச்சு அன்று மாலையே திரும்பிவிட்டது, முன்பைவிடச் சற்றுக் கூர்மையாக. காலும் திரும்பியது. வலது கைதான் வரவில்லை. கை தூக்கும், இறங்கும். ஆனால் ஐந்து விரலும் ஒன்றாகத்தான் அசையும். ஒருவர் கையெழுத்துப் போடாமல் அடுத்தவர் போடாத அலுவலகம் மாதிரி, ஒரு விரல் தனியாக எதையும் செய்ய மறுத்தது.

கைக்குப் பயிற்சி கொடுத்த பெண், பந்திங் என்ற ஊரிலிருந்து மருத்துவமனை வேலைக்கு வருகிறவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஆன்டி, இந்த முதல் கொஞ்ச மாசம்தான் லா முக்கியம். இப்ப பழக்கினா விரல் கேக்கும். விட்டுட்டீங்கன்னா அப்படியே செட்டாயிடும். அப்புறம் நான் ஒன்னும் பண்ண முடியாது."

பிசைவதற்குக் களிமண் போன்ற ஒரு கட்டியும், துளைகளில் குச்சி செருகும் பலகை ஒன்றும் கொடுத்து அனுப்பினார். மனைவி சில நாள் செய்தாள். பிறகு இரண்டையும் பழைய ரிமோட்டுகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டு மூடினாள். எடுத்து நீட்டினால், "எத்தனை பேஷண்டை இதைச் செய்ய வச்சிருக்கேன். செய்யச் சொல்றது சுலபம்" என்று தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொள்வாள். நர்ஸுகள் நோயாளியானால் எப்படி இருப்பார்கள் என்று அவளே எனக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதைகளில் வருகிற ஆள் இப்போது என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், ஓர் அடுக்குமாடியில். கீழே இறங்கினால் வரிசையாக வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள். வாரத்தில் ஒரு நாளாவது போவோம். கை விழுந்த பிறகு அவள் வரவில்லை. வீட்டில் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள், அதுவும் நான் பார்க்காதபோது. கல்யாண அழைப்பு வந்தால் மொய்யை அனுப்பிவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள். பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுவதைவிடப் பட்டினி மேல் என்பது அவள் கணக்கு. இப்படியே போனால் இந்தப் பெண் ஒரு அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்வாள் என்று எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வரவேற்பறைக்கும் பால்கனிக்கும் நடப்பேன். கீழே இறங்கிப் பேப்பர் வாங்குவேன். மேலே வந்து, வாங்கியதைப் படிக்காமல் மறுபடி இறங்குவேன். காவலாளி என்னைப் பார்த்து, "அங்கிள், எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாள் ஒன்று கவனித்தேன். பயிற்சிக் கட்டியைத் தொடாதவள், கைப்பேசியில் வண்ண உருண்டைகளைச் சேர்த்து வெடிக்கும் விளையாட்டை இடது கட்டைவிரலால் மணிக்கணக்கில் ஆடுகிறாள். அதே பிடிவாதம் வலது கைக்குப் போனால்? விரல் பயிற்சிக்கென்றே இலவசமாகக் கிடைத்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒரு பொம்மைக் கரடி வந்து, சரியாகத் தொட்டால் கைதட்டி இங்கிலீஷில் பாராட்டியது. அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"முப்பது பெட் வார்டைப் பாத்துக்கிட்டவ நான். கரடிகிட்ட சபாஷ் வாங்கணுமா?"

சரி, நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். கணினியில் எனக்குப் பழக்கம் உண்டு, அட்டவணைகள் போட்டுப் பழகியவன். நிரல் எழுதியதில்லை. எந்த மொழியில் தொடங்குவது என்று இணையத்தில் தேடினேன். அங்கே ஒரு போரே நடந்துகொண்டிருந்தது. பைதான் படிக்க எளிது, தொடக்கக்காரர்களுக்கு அதுதான் என்றது ஒரு கூட்டம். உண்மையான விளையாட்டுகள் சி ப்ளஸ் ப்ளஸில்தான் எழுதப்படுகின்றன, மற்றதெல்லாம் குழந்தை விளையாட்டு என்றது இன்னொன்று. சி ஷார்ப் கற்றுக்கொள், ஆயத்தமான விளையாட்டு எஞ்சின் கிடைக்கும், பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள் சிலர். லுவா சின்னது, சீக்கிரம் கைக்கு வரும் என்றார்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்று சொன்னவர்களை மற்ற எல்லோரும் சேர்ந்து கேலி செய்தார்கள். வண்ணக் கட்டங்களை இழுத்து அடுக்கும் சிறுவர் மொழி ஒன்றும் இருந்தது. அதை நான் கௌரவம் கருதி முதல் சுற்றிலேயே நிராகரித்தேன். ஒவ்வொரு காணொளியிலும் பெரிய ஹெட்போன் மாட்டிய ஒருவர் நெடுநேரம் பேசிவிட்டு, கடைசியில் "அது உங்களைப் பொறுத்தது" என்று முடித்தார். என் மேசைக்கு அப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆகவே குழு அமைத்தேன். இரண்டு பேர் இருந்தால் முடிவு வராது, ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது விதி. கிள்ளானில் இருக்கும் என் பழைய நண்பர், கணக்காய்வில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். சுபாங் ஜெயாவில் இருக்கும் இன்னொருவர், வடிகாலும் பாலமும் கட்டிய பொறியாளர். மூன்றாவது நான். மூவரில் ஒருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. அது ஒரு குறையாக எனக்கு அப்போது படவில்லை. மருத்துவக் கருவி வாங்கிய குழுக்களில் எத்தனை மருத்துவர்கள் இருந்தார்கள்?

மொழிகளின் பெயர்களை மறைத்து A முதல் E வரை குறியீடு கொடுத்தேன். கற்கும் எளிமை, வேகம், உதவி கிடைக்கும் வாய்ப்பு, நிலைத்தன்மை என்று தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் பகிர்ந்து அட்டவணை தயாரித்தேன். அதற்கே ஒரு வாரம் போயிற்று. கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகும்போது அட்டவணையை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே போனேன். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நிற்பது எரிச்சலாக இருந்தது. வீட்டில் அவள் கை மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது, இந்த ரயிலும் நிற்கிறதே என்று.

கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் குழு கூடியது. கணக்காய்வாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விலைப் பத்தியைத் தேடினார். விலைப் பத்தியே இல்லை. எல்லாம் இலவசம் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் சும்மா தாறாங்கள் எண்டா, ஐசே, இதுக்கு எதுக்குக் காணும் டெண்டர்?"

பொறியாளருக்கு விலையைப் பற்றிக் கவலையில்லை. எது அதிகக் கனம் தாங்கும் என்று கேட்டார். C என்று குறித்திருந்த மொழி மிக வேகமானது, ஆனால் நினைவகத்தை நாமே பார்த்துப் பார்த்துக் கையாள வேண்டும், கற்கக் கடினம் என்று என் குறிப்பில் எழுதியிருந்தேன். அதை அவர் விரலால் தட்டினார்.

"இதுதான் பாஸ். கஷ்டம்னு சொன்னாலே ஸ்ட்ராங்குன்னு அர்த்தம் லா. பாலத்துக்கு மெல்லிசு கம்பியா போடுவோம்?"

கணக்காய்வாளர் வடையை முடிக்கும்வரை யோசித்து, ஆட்சேபணை இல்லை என்றார். அவருக்கு மதியத் தூக்கத்துக்கு நேரமாகிவிட்டது. C ஏகமனதாகத் தேர்வானது. பெயர்கள் இருந்த உறையைத் திறந்து சி ப்ளஸ் ப்ளஸ் என்று அறிவித்தேன். பெயரைக் கேட்டு இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நியாயமாக நடந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா என்று திருப்தியாக ரயில் ஏறினேன்.

அதன்பின் பல வாரங்கள் சி ப்ளஸ் ப்ளஸோடு மல்லுக்கட்டினேன். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டால், அது வேறெங்கோ ஒரு வரியைக் குற்றம் சாட்டி, பக்கம் பக்கமாகப் பிழைகளை அடுக்கும். அதில் எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது, கணக்காய்வுக் கேள்விகளைப் படிப்பது போல. ஆனால் திரையில் ஒரு சன்னல் திறக்க வைப்பதற்கே யாரோ எழுதிய கோப்புகளை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து இணைக்க வேண்டியிருந்தது. இணைத்தால் இன்னொன்று கேட்டது. இதற்கிடையே மாதாந்திரப் பரிசோதனைக்கு அவளை அழைத்துப் போனேன். பயிற்சிப் பெண் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டச் சொன்னார். ஐந்தும் சேர்ந்து நீண்டன. வீட்டில் செய்கிறீர்களா என்று கேட்டார். மனைவி கூரையைப் பார்த்தாள். அந்தப் பெண் திட்டவில்லை, அடுத்த முறைக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். வீடு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்தேன்.

கடைசியில் ஒரு சதுரம் வந்தது. அம்புக்குறி விசைகளை அழுத்தினால் அது நாலு பக்கமும் நகர்ந்தது. சுவரில் மோதினால் நின்றது. இது விளையாட்டு இல்லை, ஆனால் விளையாட்டின் வேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். தேநீரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் வலது கையை எடுத்து விசைகள்மேல் வைத்தேன்.

கை இறங்கியது. ஐந்து விரலும் இறங்கின. நாலு அம்புக்குறியும், பக்கத்தில் இருந்த இன்னும் சில விசைகளும் ஒரே நேரத்தில் அழுந்தின. சதுரம் இருந்த இடத்திலேயே வெடவெடத்தது. மேலே போகச் சொல்கிறாள், கீழே போகச் சொல்கிறாள், இடமும் வலமும். அது யார் பேச்சைக் கேட்கும்? அவள் கையைத் தூக்கினாள். மறுபடி வைத்தாள். மறுபடி வெடவெடத்தது. மூன்றாம் முறை அவள் வைக்கவில்லை. கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க வார்டுக்கு உங்க ஆளுங்க கட்டில் வாங்கிக் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? ஸ்பெசிஃபிகேஷன்ல எல்லாம் சரி. லிஃப்டுக்குள்ள போகல. வெளிய வராந்தாவுலயே கிடந்துச்சு."

ஞாபகம் இருந்தது. அந்தக் குழுவில் நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா டேப் எடுத்து அளந்து குடுத்திருப்போம். இப்ப இதுக்கும் ரெண்டு பெரிய மனுசனுங்களைக் கூப்பிட்டுக் கிள்ளான்ல வடை சாப்பிட்டுட்டு வந்தீங்க. இந்தக் கை யாருது? என்கிட்ட கேட்டீங்களா?"

தேவை அறிக்கையைப் பயனர்தான் எழுத வேண்டும். பயிற்சிக்கு வந்த இளம் அதிகாரிகளுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம் அது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, இந்தக் கையால் இப்போது என்னென்ன முடியும் என்று கேட்டேன். அவள் வார்டில் நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்கிற குரலில், உணர்ச்சியே இல்லாமல் சொன்னாள். உள்ளங்கையைத் தட்டையாக வைக்க முடியும். மெதுவாகத் தூக்க முடியும். பக்கவாட்டில் இழுக்க முடியும். விசைப்பலகை கூடாது, மேசைமேல் படுக்கவைத்த டேப்லெட் என்றால் முடியும். நிறைய நேரம் முடியாது, சீக்கிரம் களைத்துவிடும்.

"என்ன விளையாட்டு வேணும்?"

யோசிக்கவே இல்லை. "கரப்பான்பூச்சி. அடிக்கணும்."

முழுச் சேவைக்காலத்திலும் நான் பார்த்த மிகத் தெளிவான தேவை அறிக்கை அது. அதை வைத்துக்கொண்டு பார்த்தால் ஐந்து மொழிகளில் நாலு தாமாகவே எழுந்து வெளியே போயின. தொடுதிரை வேண்டும். மகள் விட்டுப்போன பழைய டேப்லெட்டில் எதையும் நிறுவாமல் ஓட வேண்டும். காலையில் மாற்றியதை அவள் மதியம் ஆட வேண்டும். பைதானில் எழுதினால் அதை டேப்லெட்டுக்குக் கொண்டுபோவது ஒரு தனி வேலை. எஞ்சினைத் தூக்க என் கணினிக்குத் திராணியில்லை. உலாவியில் திறந்தால் ஓடுகிற, எல்லோரும் கேலி செய்த ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் நின்றது. இந்த முடிவுக்கு வர ஒரு தோசை வேகும் நேரம்தான் ஆனது. போன வாரங்களை நினைத்து எனக்கு வந்த கோபத்தைச் சதுரத்தை அழிப்பதில் காட்டினேன்.

யாராவது விளையாட்டு செய்யப் புறப்பட்டு, முதலில் எந்த மொழி என்று என்னைக் கேட்டால், எந்தத் திரையில், எந்த விரல் அதைத் தொடப் போகிறது என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்தவருக்கு மொழி தானாகக் கிடைத்துவிடும். தெரியாதவர் கிள்ளானுக்குப் போய் வடை சாப்பிடலாம்.

என் முதல் கரப்பான் பழுப்பு நிறத்தில் ஒரு நீள்வட்டம், முன்னால் இரண்டு கோடு. அதைப் பார்த்து அவள், "இது பேரீச்சம்பழம்" என்றாள். கால்கள் சேர்த்தேன். உள்ளங்கை எங்கே பட்டாலும் அடி விழும்படி செய்தேன். முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கும் பூச்சியை அடித்தாள். மறுநாள் அது ஊர்ந்தது. அதற்கடுத்து சிறியதாக்கினேன். அவள் பக்கவாட்டில் கையை இழுத்துத் துரத்தினாள், வாய்க்குள் திட்டிக்கொண்டே. நர்ஸுகள் வாயிலிருந்து நான் எதிர்பார்க்காத சொற்கள் அவை.

அடுத்துத்தான் சண்டை வந்தது. எத்தனை விரல் பட்டிருக்கிறது என்பதைத் தொடுதிரை எண்ணிச் சொல்லும். ஒன்றுக்கு மேல் பட்டால் கரப்பான் தப்பித்து ஓடிவிடும் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். அன்று முழுக்க ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் தப்பின. அவள் டேப்லெட்டைத் தள்ளிவிட்டு, பழையபடி மாற்று என்றாள். மாட்டேன் என்றேன். எனக்குச் சாப்பாடு வைக்கவில்லை. கீழே போய் நின்றபடியே ஒரு ரொட்டி சானாய் தின்றுவிட்டு, மேலே வரப் பிடிக்காமல் மோனோரயில் தூண்களுக்குக் கீழே போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அதிகம் கேட்டுவிட்டேனோ? இழுப்பறைக்குள் இதுவும் போய்விட்டால் அடுத்து என்னிடம் வேறு யோசனை இல்லை.

திரும்பி வந்தபோது அவள் ஆடிக்கொண்டிருந்தாள். பூச்சிகள் சரமாரியாகச் செத்துக்கொண்டிருந்தன. சந்தோஷமாக அருகில் போய்ப் பார்த்தால், இடது கை.

"அது வலது கைக்குத்தான்," என்றேன்.

"உங்க கரப்பானுக்கு அது தெரியலையே. இருக்கிற ஓட்டையை மூடாம என்னைக் குறை சொல்லாதீங்க. ஆடிட் பண்ண வந்தா கிளம்பிப் போங்க."

எந்தக் கை என்று தொடுதிரைக்குத் தெரியாது. அதற்கு எந்த மொழியிலும் வரி இல்லை. நான் எதிரே உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டு, அவளுக்கு இடப்பக்கம் நெருக்கிப் போட்ட நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். இடது கையை நீட்ட இடமிருக்காது. அவள் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பரிசோதனை நாள் மறுபடி வந்தது. பந்திங் பெண் விரல்களை நீட்டச் சொன்னார். ஐந்தும்தான் நீண்டன, ஆள்காட்டி ஒரு நூலிழை முன்னால் வந்ததோ என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் எழுதவில்லை. தொடர்ந்து செய்யுங்கள், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு மனைவி, "கரப்பான் அடிக்கிறேன்" என்றாள். வீட்டில் மருந்தடிக்கச் சொல்லி அறிவுரை கிடைத்தது. டாக்ஸியில் திரும்பும் வழி முழுவதும் எனக்கு அந்த நூலிழை கண்ணுக்குள் நின்றது. இல்லாததைப் பார்த்தேனோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

போன வாரம் ஒரு பிற்பகல், அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். கரப்பான் சரியாக ஓடவில்லை என்றாள். பழுது என்று நினைத்து ஓடினேன். பழுதில்லை.

"ரொம்ப மெதுவா போகுது. இந்த வேகத்துல எந்தக் கரப்பான் ஓடும்? மாத்துங்க."

இரு, பார்க்கிறேன் என்று கணினியை மேசைக்கு எடுத்துவந்து கோப்பைத் திறந்தேன். வேகத்தைக் குறிக்கும் எண் எங்கே இருக்கிறது என்று நானே மறந்திருந்தேன். ஒழுங்காகக் குறிப்பு எழுதி வைக்காத என்னை நானே சபித்துக்கொண்டு வரி வரியாகத் தேடினேன். பக்கத்தில் அவள் காத்திருந்தாள். அவளுக்கு எப்போதுமே காத்திருக்க வராது.

"எவ்வளவு நேரம்ங்க?"

"இரும்மா."

மேசையில் ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று, பொறுமையில்லாதவர்கள் கவுண்டரில் தட்டுகிற மாதிரி. ஒரே ஒரு விரலின் சத்தம். வந்தது என் பக்கத்திலிருந்து இல்லை, அவளுடைய வலப்பக்கத்திலிருந்து. எண் கண்ணெதிரே இருந்தது. நான் அதை மாற்றாமல், இன்னும் தேடிக்கொண்டிருப்பது போலத் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள்.